குறில்

கொவென்ட்ரி. மழை விட்டும் விடாத வியாழன், மாலை நாலு.
பள்ளிக்கூடத்தின் மிகச் சிறிய அறையில் மிகப் பெரிய சூடாக்கி.
மணிக்கு இருபத்திரண்டு பவுண், பஸ் காசு தனி.
சொன்னதைச் சொல்வேன், கூட்டேன், குறையேன் என்று
கையெழுத்து வைத்துத்தான் இந்தக் கதிரைக்கு வந்திருக்கிறேன்.

எதிரே தகப்பன், டெலிவரிச் சட்டையைக் கழற்ற நேரமில்லாமல்.
பக்கத்தில் தாய், கைப்பைச் சிப்பைத் திறந்து மூடித் திறந்து.
ஓரத்தில் பிள்ளை.
வயது பதின்மூன்று. வருகைப் பதிவில் இனியன்.
போன மாதத்திலிருந்து கொப்பிகளில் வெறும் 'இனிய'.

"இனியாவாம்! பொம்பிளைப் பேர்" என்றார் தகப்பன்.
"இனியா இல்லை. இனிய. குறில்"
என்றது ஓரத்திலிருந்து ஒரு குரல், தமிழில்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
ஆங்கிலத்தில் குறிலை எங்கே வைப்பது?
இனிய காலை. இனிய பயணம். இனிய

மிஸஸ் ஹோல்ராய்ட் பேசத் தொடங்கினார். பேச்செல்லாம் 'தே'.
தே கணக்கில் கெட்டி. தே மத்தியானம் தனியே இருக்கிறார்கள்.
நான் 'அவர்கள்' என்றேன்.
"ஆர் ஆர்? எத்தினை பேர்?" தகப்பன் நிமிர்ந்தார்.
'அவர்' என்று மாற்றினேன்.
"பதின்மூண்டு வயசுக்கு என்ன அவர்?
தலைப்பா கட்டி மாப்பிளையா இருத்தியாச்சோ?"

நியாயம்தான்.
ஆனால் அந்த 'அவர்' ஒரு காலத்தில் பலராக இருந்தது.
மரியாதைக்கென்று வந்து ஒற்றை ஆளுக்குள் ஒடுங்கியது.
பிறகு பலருக்குச் சொல் போதாமல் 'கள்' ஒட்டிக்கொண்டோம்.
அன்றைக்கு யாரும் கணக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.
கேட்டிருப்பார்கள். கேட்டவர்கள் செத்துப்போனார்கள்.

இதை அங்கே சொல்லவில்லை. கூட்டேன், குறையேன்.

"இங்கிலிசிலையே அது பிழை எண்டு என்ரை மனேஜர் சொல்லுறார்.
வெள்ளைக்காரன் ஒத்துக்கொள்ளாததை நாங்கள் ஏன்?"
ஒரு சொல் விடாமல் கொடுத்தேன்.
மிஸஸ் ஹோல்ராய்டின் கழுத்து சிவந்தது.
"பார்சலோடு போய்த் தட்டுகிறீர்கள், கதவு திறக்கவில்லை.
'தே வீட்டில் இல்லை' என்றுதானே சொல்வீர்கள்?"

தகப்பன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.
"அது ஆளைத் தெரியாததாலை சொல்லுறது.
இது என்ரை பிள்ளை. எனக்குத் தெரியும்."

சூடாக்கி எங்கோ ஒருதரம் டொக்கென்றது.

அப்போதுதான் தாய் வாய் திறந்தார்.
"அது ஒண்டும் சாப்பிடுதில்லை, மிஸ்.
முந்திப் புட்டெண்டால் அதுக்கு உயிர்.
இப்ப அறைக்குள்ளையே கிடக்குது.
குளிர்ந்தாலும் சொல்லாது. அது பாவம்."

அது.
எங்கள் வாயில், தவழும் பிள்ளைக்கும்
காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கும் வருகிற சொல்.
உயர்திணையை விட்டு மெல்ல இறக்கி
கன்றுக்குட்டி, மழை, நிலா பக்கத்தில் கிடத்துகிற சொல்.
சொல்லுக்குச் சொல் வைத்தால் 'இட்'.
இந்த அறையில் அது கல்லெறி.

'தே' என்றேன்.
தே சாப்பிடுவதில்லை. தே பாவம்.

மிஸஸ் ஹோல்ராய்ட் கண்ணாடியைக் கழற்றினார்.
"நன்றி, அப்படிச் சொன்னதற்கு" என்றார் தாயிடம்.
"ஏன் அழுறா?" என்று தாய் என்னைக் கேட்டார்.
தகப்பன் கைபேசியில். ஏழு பார்சல் மிச்சம்.

இரண்டு மொழியும் முழுதாய்த் தெரிந்தவர்கள்
அந்த அறையில் இரண்டே பேர்.
ஓரத்துக் கதிரை என்னைப் பார்த்தது.
காட்டிக்கொடுக்கவா, வேண்டாமா என்பதுபோல் ஒரு நொடி.
பிறகு சப்பாத்து நாடாவுக்குக் குனிந்துகொண்டது.

படிவத்தில் எழுதினேன்: நாற்பத்தைந்து நிமிடம்.
சிறப்புக் குறிப்புகள்: இல்லை.

வெளியே தூறல்.
"பசிக்குதோ உனக்கு?"
"ம்."
நீ என்றும் நான் என்றும் நேரே பேசினால்
தமிழ் ஒன்றும் விசாரிப்பதில்லை.
முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசும்போதுதான் ஆளா பெண்ணா என்கிறது.

தகப்பன் வானின் கதவை இழுத்து
முன் இருக்கைப் பார்சல்களைப் பின்னால் எறிந்து
"ஏறு" என்றார்.

எனக்கு பஸ் இன்னும் பதினொரு நிமிடம்.